ஞாயிற்றுக்கிழமை ஓடலாம் என்று சொன்னேன்

நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் பிசியோதெரபி பிரிவில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். கேக் வெட்டி, சால்வை போர்த்திய பிறகு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண் எழுந்து, "உங்க பெஸ்ட் கேஸ் ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்று தெலுங்கில் கேட்டாள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்ட ஒரு பையனை, கத்தி படாமல் எட்டு வாரத்தில் ஓட வைத்த கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் தன் போனைக் காட்டினாள். முட்டி வலி என்று யாரோ ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். இவள் பதிலுக்குப் பயிற்சிகள் அச்சிட்ட தாளைப் படமாக அனுப்பியிருக்கிறாள். "ஆளைப் பார்த்தியாம்மா?" என்றேன். "ரிப்போர்ட்ல எல்லாமே தெளிவா இருக்கு மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். மேடையில் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய கேஸ் வேறு. அதை இத்தனை வருடமாக எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா காட்பாடிக்காரர். ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்தேன், வளர்ந்தேன். பள்ளியில் தெலுங்கு, தெருவில் உருது கலந்த இந்தி, வீட்டில் அம்மாவின் வட ஆற்காட்டுத் தமிழ். பிசியோதெரபி படிக்கப் போனபோது அது மசாஜ் செய்யும் வேலை என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அது புரிந்தது. "மூட்டுன்னா மூட்டுதான். இரும்புல இருந்தா என்ன, எலும்புல இருந்தா என்ன" என்றார். படிப்பு முடிந்து, பயிற்சி முடிந்து, பேகம்பேட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது.

எங்கள் பிரிவின் தலைவி ரஹீமா மேடம், சார்மினார் பக்கத்தில் பிறந்த பழைய ஹைதராபாத்காரி. மெலிந்த உடம்பு. எந்நேரமும் வெட்டிய நகம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என்னோடு பேசும்போது உருது, தெலுங்கு, என்னிடமிருந்து பொறுக்கிய தமிழ் மூன்றையும் கலப்பார். நான் அவசரப்படுவதைக் கண்டால், "கைக்கு ஜல்தி, எஸ்தர்? ஏன் அவசரம்? முட்டி எங்கயும் ஓடிப் போவாது" என்பார்.

முட்டி வலி என்று வருபவரின் முட்டியை அவர் கடைசியில்தான் தொடுவார். முதலில் செருப்பையோ ஷூவையோ கழற்றச் சொல்லி, அதைக் கையில் எடுத்து அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு ஆளைத் தாழ்வாரத்தில் நடக்க விடுவார். அப்போது பேச மாட்டார். எங்களையும் பேச விட மாட்டார். அடுத்தது ஒரு தாழ்வான மரப்பலகை. அதன் மேல் ஒற்றைக் காலில் நின்று, மெதுவாக முட்டியை மடக்கி, மறுகாலின் குதிகாலால் தரையைத் தொட வேண்டும். முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு படுக்க வைத்து இடுப்பு மூட்டை உள்ளே, வெளியே திருப்பிப் பார்ப்பார். ஒற்றைக் காலில் ஒருமுறை குதிக்கச் சொல்வார். இவ்வளவுக்கும் பிறகுதான் முட்டிச் சில்லின் மேல் விரல் வைப்பார்.

அதோடு கேள்விகள். போன மாதம் எவ்வளவு தூரம் ஓடினாய், இந்த மாதம் எவ்வளவு? எப்போது தூங்குகிறாய்? என்ன சாப்பிடுகிறாய்? பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் திரையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓடுகிறவர்கள் எங்களிடம் வருவது அபூர்வம். வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: சூடு கொடுப்பது, ஓடாதே என்று சொல்வது. மாதாபூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகு எல்லாம் மாறிவிட்டது. பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். படி இறங்கினால் வலி, ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் வலி. முட்டிச் சில்லின் பின்பக்கம் வழவழவென்று ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. பழகாத உடம்பில் பாரம் திடீரென்று ஏறும்போது அந்த இடம் நோகத் தொடங்கும். குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. வலிப்பது அடியில் இருக்கும் எலும்பும் சுற்றியிருக்கும் சதையும்தான். அதனால் ஸ்கேனில் குருத்தெலும்பு பிசிறடித்துத் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. ஸ்கேன் சுத்தமாக இருந்தும் படி இறங்க முடியாதவர்களும் உண்டு. இதை ரஹீமா மேடம் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இவர்களிடம் ஓடாதே என்று சொல்லிப் பயனில்லை. வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். எனவே ஓட்டத்தை நிறுத்தாமல் குறைத்தோம். தொடையின் முன்சதையையும் இடுப்பின் பக்கச் சதையையும் பலப்படுத்தினோம். முட்டிச் சில்லுக்கு டேப் ஒட்டிப் பிடிமானம் கொடுத்தோம். வாரம் வாரமாகத் தூரத்தைக் கூட்டினோம். விழாவில் நான் சொன்ன பையன் அப்படித்தான் தேறினான். அவன் பத்துப் பேரை அனுப்பினான். அந்தப் பத்துப் பேரும் இன்னும் பத்துப் பேரை. ஓடுகிறவர்கள் நடுவில் எனக்கு 'முட்டி மேடம்' என்று பெயரே விழுந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வள்ளி வந்தாள்.

வள்ளியம்மை காரைக்குடிப் பெண். இருபத்தெட்டு வயது. மென்பொருள் கம்பெனியில் வேலை. மூன்று தோழிகளோடு வீடெடுத்துத் தங்கியிருந்தாள். "மேடம், ரைட் நீ பெயின்..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள், பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவரிடம் நான் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "நீங்க தமிழா? அப்ப அக்கான்னே கூப்பிடுறேன்" என்றாள். அவள் வயதில் எனக்குப் பெண் இருந்தாள். ஆனாலும் அக்கா என்றதில் சந்தோஷம்தான்.

அவளுக்கு அப்போது இருந்தது சந்தேகமில்லாமல் முட்டிச் சில்லு வலிதான். ரஹீமா மேடமே பார்த்தார். ஸ்கேனிலும் குருத்தெலும்பு லேசாக மெத்தென்று ஆகியிருப்பதாக வந்தது. இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. "அக்கா, காலைல ஓடுற அந்த ஒரு மணி நேரம்தான் என் நேரம். மத்த நேரமெல்லாம் ஆபீஸுக்கு" என்பாள். குண்டாக இருந்த தன் பழைய போட்டோவை பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். ரஹீமா மேடம் அந்த வாரம் தங்கை மகள் கல்யாணத்துக்காக குல்பர்கா போயிருந்தார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். பாதிப் பேர் 'முட்டி மேடத்தை'க் கேட்டு வந்தவர்கள்.

"அதே முட்டிதான் அக்கா. ஆனா இந்தத் தடவை வலி வேற மாதிரி இருக்கு. தொடைக்குள்ள, ரொம்ப ஆழத்துல எங்கயோ. தொட்டுக் காட்டத் தெரியல."

"முட்டி வலி தொடைக்கும் ஏறும்மா" என்றேன்.

"படுத்திருக்கும்போதும் லேசா இருக்கு."

"ஓட்டத்தைக் கூட்டியிருக்கே, இல்ல? அதான்."

பழைய ரிப்போர்ட் ஃபைலிலேயே இருந்தது. அதை ஒருமுறை பார்த்தேன். முட்டிச் சில்லை அழுத்தினேன், கொஞ்சம் வலித்தது. போதும் என்று தோன்றிவிட்டது. அவளை நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. பலகையில் ஏற்றவில்லை. இடுப்பைத் திருப்பவில்லை. குதிக்கச் சொல்லவில்லை. திரையை இழுத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை. டேப் ஒட்டிவிட்டேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

கதவருகில் நின்று கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை எங்க குரூப்போட நீள ஓட்டம் இருக்கு. ஓடலாமா அக்கா?"

"ஓடலாம். மெதுவா ஓடு" என்றேன்.

ஞாயிறு காலை தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஏரிக்கரைச் சாலையில் வள்ளி விழுந்துவிட்டாள். தடுக்கி விழவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மளுக்கென்று சத்தம் கேட்டதாம். அதன் பிறகுதான் விழுந்திருக்கிறாள். கூட ஓடியவர்கள் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கே வந்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சர்ஜன் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்தார். என்னைக் கண்டதும் தள்ளி நின்று இடம் விட்டார். தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்காரும் உருண்டையைத் தாங்கும் பகுதி, உடைந்து விலகியிருந்தது. ஒரே நாளில் உடையும் எலும்பு அல்ல அது. பல வாரங்களாக மயிரிழையாக ஒரு விரிசல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இடுப்பில் இருக்கும் அந்த விரிசல் சில பேருக்கு வலியைத் தொடையிலும் முட்டியிலும் காட்டும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். நானே இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். இடுப்பை ஒருமுறை உள்பக்கம் திருப்பியிருந்தால் வள்ளி கத்தியிருப்பாள். ஊன்றுகோல் கொடுத்து, ஓட்டத்தை நிறுத்தி, உடையாமலே ஆற வைத்திருக்கலாம்.

அன்றே மூன்று திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். வெளியே வந்த சர்ஜன் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "எலும்பு சேர்ந்துடும். உருண்டைக்கு ரத்தம் போகுமா போகாதாங்கிறதுதான் கேள்வி. ரத்தம் நின்னா அது உள்ளுக்குள்ளயே நொறுங்கும். ரெண்டு வருஷம் பார்க்கணும்" என்றார்.

ரஹீமா மேடம் செவ்வாய்க்கிழமை வந்தார். தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டு ஃபைலைத் திறந்தார். நான் எழுதியிருந்தது இரண்டு வரி. திட்டுவார் என்று நின்றேன். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நடக்க விட்டியா?"

"இல்ல மேடம்."

"இடுப்பைத் திருப்பினியா?"

"இல்ல."

"குதிக்கச் சொன்னியா?"

"இல்ல."

"மாசம் கேட்டியா?"

நான் ஃபைலில் இருந்த என் இரண்டு வரியைப் பார்த்தேன். அவராகவே சொன்னார்: "நாலு மாசமா வரலையாம். இப்பதான் நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கா. ஒரு வேளைதான் சாப்பாடு. எலும்புக்கு எங்கேருந்து பலம் வரும்?" பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "எதெல்லாம் பார்க்கல, எதெல்லாம் கேட்கல, எழுது. உன் கையெழுத்துல. இன்னைய தேதி போட்டு."

எழுதினேன். அவர் வாங்கிப் படித்து, தானும் கீழே கையெழுத்துப் போட்டு, ஃபைலில் சேர்த்தார்.

மருத்துவமனை நிர்வாக அதிகாரி மறுநாள் எங்கள் இருவரையும் அழைத்தார். "பேஷன்ட் ஓடும்போது விழுந்தாங்க. அவ்வளவுதான். யாரும் குடும்பத்தோட எதையும் பேச வேண்டாம்" என்றார். வெளியே வந்ததும், "நான் என்ன செய்யட்டும் மேடம்?" என்றேன். ரஹீமா மேடம் நின்று என்னைப் பார்த்தார். "போய்ச் சொல்லுன்னு சொன்னா, என் பேச்சைக் கேட்டுப் போனதா ஆயிடும். நக்கோ, அது வேணாம் எஸ்தர். இது நீயே முடிவு பண்ண வேண்டியது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

இரண்டு நாள் வார்டு இருக்கும் மாடிக்குப் படியேறிப் பாதியில் திரும்பினேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, அக்கா என்று கூப்பிட்ட முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மதியம், யோசிக்க நேரம் கொடுக்காமல் நேராக அறைக்குள் போய்விட்டேன்.

வள்ளியின் அம்மா காரைக்குடியிலிருந்து வந்திருந்தார். மகளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று வள்ளி சொல்வதற்குள் நானே சொன்னேன்.

"ஆச்சி, நான்தான் வள்ளி முட்டியைப் பார்த்தேன். போன வாரம் வந்து தொடைக்குள்ள வலிக்குதுன்னு சொன்னா. நான் இடுப்பைச் சோதிச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கல. பார்த்திருந்தா இது உடையறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

அந்த அம்மாளின் கை நின்றது. "நீங்கதேன் ஞாயித்துக்கெழம ஓடலாம்னு சொன்னீகளா?"

"ஆமா ஆச்சி."

"எம் புள்ள உங்கள நம்புச்சே தாயி. போன்ல பேசும்போதெல்லாம் இங்க ஒரு அக்கா இருக்காகன்னு சொல்லும். நான்கூட, போகட்டும், அந்த ஊர்ல பாத்துக்க ஒரு ஆள் இருக்குன்னு இருந்தேன்." அழவில்லை. ஆரஞ்சுத் தோலைக் கையில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "இனிமே நீங்க எம் மகளத் தொட வேணாம்."

நான் வள்ளியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பார்வையைத் திருப்பாமலே, "நீங்க கேட்டிருந்தாலும் நான் உண்மையச் சொல்லியிருப்பேனான்னு தெரியல அக்கா. மாசம் நின்னது வசதியாத்தான் இருந்துச்சு. உடம்பு குறையுதுன்னு சந்தோஷமா இருந்தேன்" என்றாள்.

"ஆனா நான் கேட்கலம்மா" என்றேன். அதற்கு மேல் அந்த அறையில் எனக்கு வேலை இருக்கவில்லை.

அவர்கள் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டது, கொடுத்தேன். ஓடுகிறவர்களை ஆறு மாதம் நான் தனியாகப் பார்க்கக் கூடாது என்று எழுத்தில் வந்தது. அது நியாயம்தான்.

வள்ளிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை எங்களோடு இருந்த ஒரு பஞ்சாபிப் பெண்ணுக்குப் போனது. நான் திரைக்கு இந்தப் பக்கம் முதியவர்களின் தோள்பட்டைகளைச் சுழற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் இந்தியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் சத்தம் வரும். நடுவில் வள்ளி மூச்சை இழுக்கும் சத்தமும். என் கைக்குக் கீழே இருந்த கிழவர் ஒருநாள், "அம்மா, திருப்புறியா, முறிக்கிறியா?" என்று கேட்டார். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாவது வாரம் அந்தத் திரையை விலக்கியது வள்ளிதான். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். வலது காலின் நுனி மட்டும் தரையில்.

"அக்கா, அந்தப் பொண்ணு நல்லாத்தான் செய்றா. ஆனா வலிக்குதுங்கறத எனக்குத் தமிழ்லதான் சொல்ல வருது. நீங்களே பாருங்க."

"அம்மா வேண்டாம்னு சொன்னாங்களேம்மா."

"அம்மாகிட்ட நான் பேசிட்டேன். 'தானா வந்து தப்ப ஒத்துக்கிட்ட மனுசி, இனி ஒழுங்காப் பாப்பா'ன்னு சொன்னாக."

ரஹீமா மேடம் பக்கத்தில் நிற்க, நான் ஆரம்பித்தேன். ஊன்றுகோல் ஒன்றானது, பிறகு அதுவும் போனது. உணவு நிபுணரிடமும் பெண்கள் டாக்டரிடமும் அவளை நானே அழைத்துப் போனேன். மூன்று வேளை சாப்பிட வைப்பது நடக்க வைப்பதைவிடக் கடினமாக இருந்தது. சில நாள் கண்ணாடி முன் நின்று அழுவதாகச் சொல்வாள். ஒருநாள் வந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வந்துருச்சு அக்கா" என்றாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிறு பிள்ளைகள்போலச் சிரித்தோம்.

அந்த இரண்டு வருடமும் எக்ஸ்ரே எடுக்கும் நாள் வந்தால் நானும் கூடப் போய் நிற்பேன். உருண்டையின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தாலும், நொறுங்க ஆரம்பித்துவிட்டதோ என்று சர்ஜனின் முகத்தைப் பார்ப்பேன். அவர் பேசுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுகொண்டே போவதுபோல் இருக்கும். கடைசி எக்ஸ்ரேயில், "தப்பிச்சிடுச்சு" என்றார். உருண்டை பிழைத்தது. ஆனால் கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. ஷூவுக்குள் அட்டை வைத்துக்கொண்டு நடந்தாள். நீள ஓட்டம் வேண்டாம் என்று சர்ஜன் சொன்னபோது தலையை ஆட்டினாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி அந்த அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், வள்ளி தன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தெலுங்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் சௌஜன்யா. ஓடுகிறவள். முட்டி வலி.

"அக்கா, இவளப் பாருங்க. எல்லாத்தையும் கேளுங்க" என்றாள் வள்ளி.

ஷூவை வாங்கிப் பார்த்தேன். நடக்க விட்டேன். பலகையில் ஏற்றினேன். இடுப்பை இரண்டு பக்கமும் திருப்பினேன். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். திரையை இழுத்துவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பதில்களெல்லாம் சரியாக இருந்தன. மனம் கேட்காமல் இடுப்புக்கு ஒரு ஸ்கேனும் எடுக்க வைத்தேன். சர்ஜன், "அவசியமே இல்லை" என்றார். எலும்பு சுத்தமாக இருந்தது. வெறும் முட்டிச் சில்லு வலிதான். மூன்று மாதத்தில் தேறினாள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் பாதித் தூரம் மட்டும் ஓடட்டுமா என்று கேட்டாள்.

மறுபடி ஒருமுறை குதிக்க வைத்துப் பார்த்தேன். பிறகு, "ஓடு" என்றேன்.

அந்த ஞாயிறு விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் வள்ளி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். எங்கள் முன்னால் நூற்றுக்கணக்கான கால்கள் போயின. சௌஜன்யாவின் நீலச் சட்டை தெரிந்ததும் நான் குனிந்துகொண்டேன். வலது முட்டி உள்ளே சாய்கிறதா, இடுப்பு இறங்குகிறதா, காலை ஊன்றும்போது எங்கேயாவது தயங்குகிறாளா என்று ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைக் கடக்கும்போது அவள் ஏதோ கத்தினாள்.

வள்ளி என் தோளைத் தொட்டாள். "நல்லாத்தான் ஓடுறா அக்கா. அவ மூஞ்சியயும் கொஞ்சம் பாருங்க."

நிமிர்ந்தேன். அதற்குள் அவள் வளைவில் திரும்பிவிட்டிருந்தாள்.